வீடு யார் பெயரில் இருக்கிறது?

தோட்டப் பள்ளி ஆசிரியருக்குக் காலையில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை. காலையில் பாடம், மாலையில் பாரம். பிள்ளையின் பிறப்புப் பத்திரம் தொலைந்தாலும், சேமநிதிக் கணக்கில் பெயர் பிழையாக இருந்தாலும், காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்துவிடுவார்கள். சில ஆண்டுகளாக அந்தப் பைகளில் வருபவற்றில் பாதி, வீடு வாங்குவது விற்பது பற்றிய காகிதங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திண்ணையில் சொன்னவற்றை இன்று வானொலியில் சேர்த்துச் சொல்கிறோம்.

லயத்து வீடு நமக்குச் சொந்தமானதன்று. வேலை இருக்கும் வரையில்தான் அந்த வீடும் இருக்கும். முப்பது வருடம் அதே வாசலில் கோலம் போட்டிருந்தாலும், வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். 1950-களிலும் 1960-களிலும் அந்நியக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்கள் ஏராளம். அந்த நெருக்கடியில்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் 10 வெள்ளி சேர்த்து வைக்கச் சொன்னார். அன்று பலர் சேர்ந்து தோட்டமாக வாங்கினார்கள். இன்று குடும்பத்துக்கு ஒரு வீடாக வாங்குகிறோம். பொருள் சிறியதானாலும் நிலச் சட்டம் ஒன்றேதான்.

நமக்குத் தெரிந்த ஒரு தம்பதியர் இருந்தார்கள். கணவர் பால்மரம் வெட்டியவர். மனைவி வெளிக்காட்டு வேலை. ஓய்வு பெறும் காலம் நெருங்கியதும், பக்கத்துப் பட்டணத்துக்காரர் ஒருவரிடம் "லாட்" ஒன்று வாங்கினார்கள். 5 ஏக்கர் நிலத்தில் சிவப்புச் சாயம் பூசிய குச்சிகளை நட்டு, கையால் வரைந்த ஒரு படத்தைக் காட்டி, "இது உங்களுடையது" என்று சொல்லியிருக்கிறார் அவர். விலை 18,000 வெள்ளி. மூன்று தவணையில் கொடுத்தார்கள். ஒவ்வொரு தவணைக்கும் முத்திரை ஒட்டிய ரசீது உண்டு. பலகை வீடு கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், வாழையும் முருங்கையும் வைத்தார்கள். ஆறாம் ஆண்டில் ஒருநாள் வேலிக் கம்பத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அந்த 5 ஏக்கரும் வங்கிக் கடனுக்காக லேலாங்குக்கு வருகிறது என்று அதில் கண்டிருந்தது.

மறுநாள் நாம் அவர்களோடு நில அலுவலகத்துக்குப் போனோம். சிறிய தொகையைக் கட்டி, பதிவேட்டுத் தேடல் என்று சொல்லப்படும் சாரியானுக்கு மனுப் போட்டோம். ஒரு தாள் கையில் வந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் விற்றவர் பெயர் மட்டும் இருந்தது. கீழே வங்கியின் ஈடு பதிவாகியிருந்தது. அதன் தேதியைப் பார்த்தோம். இவர்கள் முதல் தவணை கொடுத்த நாளுக்கும் முந்திய தேதி. ஆறு வருடங்களுக்கு முன் அதே மேசைக்குப் போயிருந்தால் அதே தாள் அன்றே கிடைத்திருக்கும்.

"ரசீது இருக்கிறதே வாத்தியாரே, முத்திரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே!" என்றார் அந்த அம்மாள். இதுதான் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி. ஆகவே இதற்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ரசீது என்பது, இன்னார் இன்னாரிடம் பணம் வாங்கினார் என்பதற்குச் சாட்சி. அதைக் கொண்டு பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். நிலம் யாருடையது என்பதை அது தீர்மானிக்காது. தீபகற்ப மலேசியாவில் அதைத் தீர்மானிப்பது நில அலுவலகத்துப் பதிவேடு. தேசிய நிலச் சட்டம் 1965-இல் நிறைவேறி 1966 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. 2020-இல் திருத்திய பதிப்பாக வெளிவந்தது. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. இந்த முறைக்கு டோரன்ஸ் முறை என்று பெயர். தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் என்பவர் 1858-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்பது அதன் அடிப்படை.

நம் பாட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து வந்தபோது "பத்திரம்" என்ற சொல்லையும் கூடவே கொண்டுவந்தார்கள். அங்கே விற்பனைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வதும், பழைய பத்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிப் பார்த்து உரிமையை நிலைநாட்டுவதும் வழக்கம். அந்த நினைப்பு நமக்கு இன்னும் போகவில்லை. பெட்டிக்கு அடியில் ஒரு பத்திரம் இருந்தால் போதும் என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். இங்கே வழக்கறிஞர் முன்னிலையில் இட்ட விற்பனை ஒப்பந்தம்கூட நம்மை வீட்டுக்காரர் ஆக்கிவிடாது. விற்றவரிடம் உரிமை கோரும் நிலையை அது தரும், அவ்வளவே. 14-ஏ என்னும் மாற்றுப் பாரத்தில் இரு தரப்பாரும் முறையான சாட்சி முன் கையெழுத்திட்டு, முத்திரைத் தீர்வை கட்டி, நில அலுவலகத்தில் பதிவாகும்போதுதான் வீடு கைமாறுகிறது.

ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் இடையே மாதக் கணக்கில் காலம் ஓடுமே, அதற்குள் அவர் வேறொருவருக்கு விற்றுவிட்டால்? நல்ல கேள்வி. அதற்காகத்தான் கேவியட் இருக்கிறது. 19-பி பாரத்தின் வழியாக வாங்குபவரின் வழக்கறிஞர் அதைப் பதிவு செய்வார். "இந்நிலத்தில் எனக்கு உரிமை உண்டு" என்று பதிவேட்டில் ஒரு வேலி போடுவது போன்றது அது. அது இருக்கும் வரை வேறு மாற்றம் பதிவாகாது. தனியார் கேவியட் 6 ஆண்டு நிற்கும். நம் தம்பதியர் கேவியட் போட்டிருந்தாலும் முன்பே பதிவான வங்கி ஈட்டை அது தள்ளியிருக்காது. ஆனால் கேவியட் போடப் போன வழக்கறிஞர் முதலில் அந்த ஈட்டைக் கண்டிருப்பார். முதல் தவணைப் பணமே கைமாறியிருக்காது.

பதிவேட்டுத் தேடலுக்கு வழக்கறிஞர்தான் போக வேண்டும் என்பதில்லை, நாமே போகலாம். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எந்த அலுவலகம் என்பது பட்டாவின் வகையைப் பொறுத்தது. "கெரான்", "பஜாக்கான் நெகிரி" என்று தலைப்பிட்டவை மாநில நில அலுவலகத்தில் இருக்கும். "கெரான் முக்கிம்", "பஜாக்கான் முக்கிம்" என்பவை மாவட்ட நில அலுவலகத்தில் இருக்கும். நில அளவை முடியாதவற்றுக்குத் தற்காலிகப் பட்டா தருவார்கள், எச்.எஸ்.டி., எச்.எஸ்.எம். என்ற எழுத்துகள் எண்ணுக்கு முன்னால் நிற்கும்.

கிடைக்கும் தாள் தேசிய மொழியில் இருக்கும். பயப்பட வேண்டாம்; வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பெயரைப் பாருங்கள். விற்க வந்தவரின் அடையாள அட்டையும் அந்தப் பெயரும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். "அப்பா பெயரில் இருக்கிறது, அப்பா தவறிவிட்டார், நான்தான் மூத்த மகன்" என்று சொன்னால், அவர் இன்னும் விற்கும் தகுதி பெறவில்லை என்று பொருள். அடுத்து, நிலம் நிரந்தர உரிமையா, குத்தகையா என்று பாருங்கள். 99 ஆண்டுக் குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதைக் கணக்கிட வேண்டும். எஞ்சிய காலம் குறைவாக இருந்தால் வங்கி கடன் தரத் தயங்கும்.

பிறகு "செக்காத்தான் கெப்பெந்திஙான்" என்ற வரி. அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போகும் வரி இதுதான். மாநில அரசின் அனுமதியின்றி இந்நிலத்தை மாற்றவோ ஈடு வைக்கவோ கூடாது என்று அங்கே எழுதியிருக்கலாம். குத்தகை நிலங்களிலும் மலிவு விலை வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். சில மலிவு விலை வீடுகளைக் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை விற்கவே கூடாது. அப்படியிருந்தும் "பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது சாவியை வாங்கிக்கொள்" என்று விற்கிறவர்கள் உண்டு. சாவி கைக்கு வரும். வீடு அவர் பெயரிலேயே இருக்கும். நாளை அவர் கடன்பட்டாலும் இறந்தாலும் அது அவருடைய சொத்தாகவே எண்ணப்படும். நிலம் மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று குறித்திருந்தால் மலாய்க்காரர் அல்லாதவர் பெயரில் அது பதிவாகாது. விலை மலிவு என்று ஆசைப்பட்டுக் கொடுக்கும் பணம் வீணே.

இனி, நிலத்தின் வகை. "பாங்குனான்" என்றால் கட்டடம். "பெர்தானியான்" என்றால் விவசாயம். தோட்டத்தைச் சுற்றியுள்ள நிலங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை. விவசாய நிலத்தைப் பொதுவாக 0.4 ஹெக்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் குறைந்த துண்டுகளாகப் பிரித்துத் தனிப்பட்டா வாங்க முடியாது. அப்படியானால் 5 ஏக்கரை 40 லாட்டாக விற்பவர் எதை விற்கிறார்? நல்லவராக இருந்தால், பொதுப் பட்டாவில் நாற்பதில் ஒரு பங்கை நம் பெயரில் எழுதித் தருவார். பங்கு பதிவாகும், ஆனால் வேலியோரத்து இந்தத் துண்டுதான் நமக்கு என்று பதிவாகாது. நாற்பது பேரும் எல்லா இடத்துக்கும் கூட்டாளிகள். அதைக் காட்டி வங்கியில் வீட்டுக் கடன் வாங்குவது கடினம். வீட்டு வரைபடத்துக்கு நகராண்மைக் கழகத்தில் அனுமதி வாங்குவதும் கடினம். நில வகையை மாற்ற மனுச் செய்யலாம். ஆனால் அதற்கும் மற்றவர்கள் எல்லாரும் ஒத்துவர வேண்டும். நம் ஊர்க் கோயில் கமிட்டியிலேயே எட்டுப் பேர் ஒத்துவருவதில்லை.

பெரிய தோட்டத்துக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 40 ஹெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தோட்ட நிலத்தைத் தோட்ட நில வாரியத்தின் அனுமதியின்றிப் பலருக்குப் பிரித்து விற்க முடியாது. துண்டாடல் காலத்து அனுபவம்தான் இச்சட்டப் பிரிவுக்குக் காரணம்.

இப்போது முறையான விற்பனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கட்டி முடிந்த வீட்டை ஒருவரிடமிருந்து வாங்கும்போது, விலை பேசியதும் 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கொடுப்பது வழக்கம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது மொத்தம் 10 விழுக்காடாக நிரப்ப வேண்டும். மீதி 90 விழுக்காட்டுக்கு மூன்று மாதத் தவணை. மேலும் ஒரு மாதம் வட்டியோடு நீட்டிக்கலாம் என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதுவார்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்புமா என்று பலர் கேட்கிறார்கள். எழுதியிருந்தால் திரும்பும். எழுதாவிட்டால் விற்பவர் பிடித்துக்கொள்ளலாம். ஆகவே முதல் 2 விழுக்காட்டைக் கொடுக்கும் தாளிலேயே அந்த ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் அப்பணத்தையும் விற்பவர் கையில் கொடாமல் வழக்கறிஞர் வசம் விடுங்கள்.

விற்பவருக்கே வங்கிக் கடன் பாக்கி இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அவருடைய வங்கி பாக்கித் தொகையை எழுத்தில் தரும். நம் பணத்திலிருந்து முதலில் அது தீர்க்கப்படும். பழைய ஈடு நீங்கும். அதன் பிறகு வீடு நம் பெயருக்கு வந்து, நம் வங்கியின் ஈடு ஏறும். நம் தம்பதியர் விஷயத்திலும் ஈடு இருந்தது குற்றமன்று. அதைத் தீர்க்காமலே பணம் கைமாறியதுதான் கெட்டுப்போனது.

செலவு எவ்வளவு? 2,00,000 வெள்ளி வீட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். மாற்றுப் பாரத்துக்கு முத்திரைத் தீர்வை முதல் 1,00,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 5,00,000 வரை 2 விழுக்காடு. ஆக 3,000 வெள்ளி. ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர் கட்டணம் 2023-ஆம் ஆண்டு விதிப்படி 1.25 விழுக்காடு, அது 2,500 வெள்ளி. 1,80,000 வெள்ளி கடன் வாங்கினால் கடன் பத்திரத்தின் தீர்வை 900 வெள்ளி. அதன் வழக்கறிஞர் கட்டணம் 2,250 வெள்ளி. கூட்டினால் 8,650. இதற்கு மேல் சேவை வரி, பதிவுக் கட்டணம் போன்ற சில்லறைச் செலவுகள். 10 விழுக்காட்டு முன்பணம் 20,000-ஐயும் சேர்த்தால், வீட்டுக்குக் கிளம்பும் குடும்பத்திடம் ஏறக்குறைய 30,000 வெள்ளி இருக்க வேண்டும். "பத்து விழுக்காடு இருந்தால் போதும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள். 2021 முதல் அரசாங்கம் 5,00,000 வெள்ளி வரையிலான முதல் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை விலக்கு அளித்து வந்திருக்கிறது. நீங்கள் வாங்கும் ஆண்டில் அது நடப்பில் உள்ளதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். சேமநிதியிலிருந்தும் வீட்டுக்குப் பணம் எடுக்கலாம். 2024-இல் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு அது செஜத்திரா கணக்கிலிருந்து வருகிறது.

விற்பவருக்கு வரி உண்டா? குடிமகனாயின், வாங்கிய மூன்றாண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டிலிருந்து, 2022 முதல், இல்லை. குடியிருந்த ஒரு வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்குக் கேட்கவும் வழி உண்டு.

புதிய தாமானில் வீடமைப்பு நிறுவனத்திடம் நேரடியாக வாங்குவது வேறு வகை. அதற்கு 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் காவல். ஒப்பந்தத்தின் வாசகம் சட்டத்திலேயே அச்சிட்டிருக்கிறது. நிறுவனம் தன் இஷ்டத்துக்கு எழுத முடியாது. தரை வீட்டை 24 மாதத்தில், அடுக்குமாடி வீட்டை 36 மாதத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது அதிலுள்ள பொது விதி. தாமதித்தால் ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக் கணக்கில் இழப்பீடு. ஒப்பந்தத்துக்கு முன்பாக "புக்கிங்" என்று பணம் வசூலிப்பதை விதிகள் தடுக்கின்றன. "வழக்கறிஞர் செலவு இலவசம்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்த வழக்கறிஞர் நிறுவனத்தின் வழக்கறிஞர், நம்முடையவர் அல்லர். சாவி வாங்கி 24 மாதத்துக்குள் சுவர் வெடித்தால், கூரை ஒழுகினால், எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தீராவிட்டால் 2002 முதல் இயங்கும் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே வழக்கறிஞர் இன்றி நாமே பேசலாம்.

கடைசியாக, தாய்மார்கள் மட்டுமே நம்மிடம் கேட்கும் ஒரு கேள்வி. அதையும் தயங்கித்தான் கேட்பார்கள். வீடு கணவர் பெயரில் இருக்கிறது. அவருக்கு ஏதாவது ஆனால் அது தானாகத் தமக்கு வருமா? வராது. உயில் இல்லாமல் முஸ்லிம் அல்லாத ஒருவர் இறந்தால், 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, மனைவி, மக்கள், பெற்றோர் மூவரும் இருக்கும் குடும்பத்தில் மனைவிக்குக் கால் பங்கு, மக்களுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. இருவர் பெயரில் வாங்கியிருந்தாலும் இறந்தவரின் பாதி இவ்விதமே பிரியும். மற்றவருக்குத் தானாகச் சேராது. ஆனால் தம் பாதி தமக்கு இருக்கும். இருவரும் பிரட்டுக்குப் போய்ச் சம்பாதிக்கும் குடும்பத்தில் இருவர் பெயரையும் எழுதுவதே முறை என்பது நம் கருத்து. இதற்கு முகம் சுளித்த ஆண்களும் உண்டு. சுளித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்களும் உண்டு. உயில் எழுதி வைத்தால் இன்னும் தெளிவு. உயில் இன்றி இறந்தவரின் சொத்து சிறிய சொத்து எனும் வரம்புக்குள் இருந்தால், வாரிசுகள் உயர்நீதிமன்றம் போகாமல் நில அலுவலகத்திலேயே மனுச் செய்து பெயர் மாற்றிக்கொள்ளலாம். தாமதிக்க வேண்டாம். இரண்டு தலைமுறை தள்ளிப் போட்டால் பங்காளிகளின் பெயர்களை எழுத ஒரு தாள் போதாது.

அந்தத் தம்பதியர் லேலாங்குக்கு முன்பே வெளியேறினார்கள். விற்றவர் மீது தீர்ப்பு வாங்கலாம். ஆனால் அவரிடம் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்றார் வழக்கறிஞர். பலகைகளைக் கழற்றி லோரியில் ஏற்றினார்கள். வாழைக் கன்றுகளைத் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். கிணறு அங்கேயே கிடக்கிறது. இப்போது அடுக்குமாடி ஒன்றில் வாடகைக்கு இருக்கிறார்கள். சென்ற ஆண்டு அவர்களுடைய மகள் வீடு பார்க்கக் கிளம்பியபோது, அந்த அம்மாள் நம்மிடம் ஒரு துண்டுத் தாளை நீட்டினார். பட்டா எண், லாட் எண், முக்கிம், மாவட்டம், நான்கும் அதில் எழுதியிருந்தன. "முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை வாத்தியாரே. நில அலுவலகம் நாளைக்குத் திறந்திருக்குமா?" என்று கேட்டார்.